ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

என் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் ஒரு கம்பி இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் ஸ்கூட்டர் ஆக்சிடென்ட் என்று சொல்லி முடித்துவிடுவேன். பெரும்பாலும் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் கால் உடைந்தது கடைசியாக நடந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே எனக்கு ஒரு நோய் வந்திருந்தது. அது நோய் என்று எனக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ தெரியாது.

பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் ரிவிஷன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். கேள்வித்தாள் ஒன்றும் கஷ்டமாக இல்லை. திடீரென்று நெஞ்சு வேகமாக அடித்தது. விரல்கள் மரத்தன. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதியிலேயே நின்றது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியானது. திருப்பூருக்குப் பக்கத்திலுள்ள மங்கலத்தில் எங்களுக்கு வழக்கமான டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். ஈசிஜி எடுத்தார். "ஹார்ட் நல்லா இருக்குது. காலைல சாப்பிடாமப் போறா, கேஸ்" என்றார். மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டேன். அது மறுபடி மறுபடி வந்தது. கேஸ் என்று பெயர் வைத்தாகிவிட்டதால் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

காலேஜ் சேர்ந்ததும் அப்பா ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். அவர் மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து நிட்டிங் மெஷின் போட்டிருக்கிறார். பனியன் துணி ஓட்டித் திருப்பூர் கம்பெனிகளுக்குக் கொடுப்பது தொழில். காலேஜ் பஸ் ஊரையெல்லாம் சுற்றி வரும். அதில் போய் வருவதற்குள் நான் களைத்துவிடுகிறேன் என்று அவருக்குக் கவலை. பதினெட்டு முடிந்தவுடன் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் எடுத்தேன். கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார்கள், தெரிந்தது.

வண்டியில் போகும்போதும் அது வந்தது. முதல்முறை பாலத்தின் மேல் வந்தது. நிறுத்த இடமில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி, எப்படியோ வீடு வந்து கட்டிலில் விழுந்தேன். சரியாகிவிட்டது. அதிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்ததாக நினைத்தேன். அது வந்தால் வண்டியை விரட்ட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வீடு வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் சரியாகும். சில மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

விபத்து நடந்தது மங்கலம் ரோட்டில், கம்பெனிகள் விடும் நேரத்தில். விரல்கள் மரக்க ஆரம்பித்தன. வண்டிகளின் சத்தம் தூரமாகப் போனது. ரோடு ஒரு குழாய் மாதிரி ஒடுங்கியது. முறுக்கினேன். ஓரமாக நடந்து போன ஒரு பெண்ணின் தோளில் ஹேண்டில் இடித்தது. பிறகு, நின்றிருந்த ஒரு டெம்போவின் பின்பக்கம் முட்டினேன். எனக்கு மயக்கம் வரவில்லை. டெம்போவின் சக்கரமும் அதற்கு மேல் சாயத் துணி மூட்டைகளும் தெரிந்தன. என் கால் போகக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. "போன் பேசிட்டே வந்திருப்பா" என்று யாரோ சொல்வது தெளிவாகக் கேட்டது. போன் சீட்டுக்கு அடியில், பைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அப்பா ஷெட்டிலிருந்து நேராக வந்தார். தலையெல்லாம் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"போன் பேசிட்டு வந்தியா சாமி?"

"இல்லீங்கப்பா."

"செரி, உடு."

நம்பவில்லை என்பது தெரிந்தது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. அதில் உடம்பைத் தாங்கும் பெரிய எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே நீளமாக ஒரு கம்பி விட்டு இரண்டு துண்டையும் சேர்க்க வேண்டும், மறுநாள் ஆபரேஷன் என்றார்கள். காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். நிதானமான பெண்மணி. பல் ஏதாவது ஆடுகிறதா, மாத்திரை எதற்காவது அலர்ஜி உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "எப்படிம்மா விழுந்தே?" என்றார். பேச்சோடு பேச்சாகக் கேட்டதுதான். நான் நடந்ததைச் சொன்னேன். நெஞ்சு அடித்தது, கை மரத்தது, ரோடு ஒடுங்கியது. அவர் பேனாவை மூடினார்.

"இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றார். இதயத்தில் கோளாறு இருந்தாலோ, வலிப்பு நோய் இருந்தாலோ, தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இப்படித்தான் டெஸ்ட்டுகள் ஆரம்பித்தன. காலில் மாவுக்கட்டோடு என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் நிறுத்தினார்கள். படுத்தபடி காத்திருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நம்மைக் குனிந்து பார்ப்பார்கள், நாம் அவர்கள் தாடையைத்தான் பார்க்க முடியும். எக்கோ என்பது நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி, இதயம் வேலை செய்வதைத் திரையில் பார்ப்பது. வால்வுகள் சின்னக் கதவுகள் மாதிரி திறந்து மூடின. பார்க்க நன்றாக இருந்தது. நார்மல். ஈஈஜி என்பது தலை முழுக்க ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக வரைவது. அதுவும் நார்மல். ஒயரை ஒட்டிய பசை முடியில் காய்ந்துபோனது. அம்மா ஒரு மதியம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு இழையாக அதை உருவி எடுத்தாள். ஒரு முடிகூட அறுந்துவிடக் கூடாது என்பது மாதிரி எடுத்தாள்.

அப்பாவுக்கு அப்படி உட்கார்ந்திருக்க வராது. ஷெட்டுக்குப் போய், பனியன் வேஸ்ட்டை அடைத்து, காலை உயர்த்தி வைக்க ஒரு தலையணை தைத்து வாங்கி வந்தார். நடுவில் கால் பதிய ஒரு பள்ளம்கூட வைத்திருந்தார். ஆஸ்பத்திரித் தலையணையை விட அது நன்றாக இருந்தது. நர்சுகள் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தபோது அப்பா ஒரு நாயைக் கொண்டுவந்தார்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க. பாவம், அத ஏத்தக் கூடாதுன்னு வண்டிய ஒடிச்சிருக்கறா."

முதலில் இதைச் சொன்னபோது என் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் சரளமாக வந்தது. பெரியப்பா வந்தபோது அது செவலை நாயாகிவிட்டது. அடுத்து வந்த அத்தை, "ரெண்டு நாய் சண்டை போட்டுட்டு வந்துச்சாமே கண்ணு?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன். எனக்கு என்ன ஆயிற்று என்று அப்போது எனக்கும் தெரியாது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நார்மல் என்று வரும்போது அப்பா முகத்தில் முதலில் நிம்மதி வரும், பிறகு ஒரு கேள்வி வரும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ஏன் விழுந்தாள்?

அம்மா வேறு ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தாள். அறையில் யாரும் இல்லாதபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, அம்மாகிட்ட சொல்லு. நா ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். வேணும்னே போயி உட்டியா?"

"இல்லீங்கம்மா."

"எதாச்சும் மனசுல இருக்குதா?"

"இல்லீங்கம்மா. நெசமாலுமே நெஞ்சு அடைச்சுருச்சு."

அவள் சரி என்று தலையாட்டினாள். சாயந்திரம் பார்த்தபோது மேசையில் இருந்த பழம் அறுக்கும் கத்தியைக் காணவில்லை. ஆப்பிளைக் கடித்துத் தின்னச் சொன்னாள். நான் கடித்துத் தின்றேன்.

ரோஸ்லினக்கா வந்தது அதற்கு அடுத்த நாள். நான் இடித்த பெண் அவர்தான். அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் பெண்கள் வார்டில் இருக்கிறார், தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது என்பது தெரியும். அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அவருடைய செலவையும் ஏற்றுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததில்லை. நாற்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம். ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். அப்போது அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். பெரியப்பாவும் இருந்தார்.

"நாய் எங்கய்யா வந்துச்சு?" என்றார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கீழ வார்டு முச்சூடும் சொல்லுதாவ. நாய் வந்துச்சு, அந்தப் பொம்பள வேற நடுரோட்டுல நடந்து வந்தா, பிள்ள என்ன செய்யும்னு. நானும் அங்கனதான வந்தேன்? நான் நடுரோட்டுலயா வந்தேன்?"

"அப்படி நாங்க சொல்லலீங்க" என்றார் அப்பா.

"அப்ப யாரு சொன்னா? என் வீட்டுக்காரருகிட்டயே ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு, பாத்து நடக்கச் சொல்லப்பான்னு."

பெரியப்பா எழுந்து வெளியே போனார்.

நான் பேச வேண்டியிருந்தது. "நாய் எதுவும் வல்லீங்க்கா. நீங்க ஓரமாத்தான் போனீங்க. நாந்தான் வந்து இடிச்சேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒன் மொகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "கண்ணத் தெறந்துதான் வச்சிருந்த. ஆனா என்னப் பாக்கல. ரெண்டு கையும் ஹேண்டில்லதான் இருந்துச்சு. வாயத் தெறந்து, மூச்சு கெடைக்காத மாரி. இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆவுதுன்னு நெனச்சேன். அதுக்குள்ள எம்மேல வந்துட்ட."

அப்பா கேட்டார், "போன் பேசிட்டு வல்லீங்களா?"

"போனா? ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்துச்சுன்னு சொல்லுதேன்லா."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தப்புத்தானுங்க. இனி அப்பிடிச் சொல்ல மாட்டோமுங்க" என்றார். ரோஸ்லினக்கா சமாதானமாகவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அம்மா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டுப் போய்விட்டார். வாக்குமூலம் எழுத வந்த போலீஸ்காரரிடம் அதற்குப் பிறகு நான் நாயில்லாமல்தான் சொன்னேன். கேஸ் நடந்து, கோர்ட்டில் அபராதம் கட்டினோம்.

மிச்சம் இருந்தது எம்ஆர்ஐ. காந்தத்தை வைத்து மூளையைப் படம் எடுப்பது. வலிக்காது. ஒரு குறுகலான குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பெரிய சத்தம் வரும், அவ்வளவுதான் என்றார்கள். தலையை ஒரு கூண்டில் வைத்துப் பூட்டினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள், ஏதாவது என்றால் அமுக்கலாம். பலகை உள்ளே நகர்ந்தது. என் மூக்குக்கு மேல் கூரை. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. பந்தை அமுக்கினேன். விரல் மரத்திருந்ததால் அமுக்கினேனா இல்லையா என்றே தெரியவில்லை. கத்தினேன்.

வெளியே இழுத்தார்கள். டூட்டி டாக்டர் ஓடிவந்தார். என்னை விட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார், பெண். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு அதன் திரையையே பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். விரல்கள் உள்பக்கமாக வளைந்து கொக்கி மாதிரி இருந்தன.

"ஆக்சிஜன் நல்லா இருக்கு. நாடித்துடிப்பு மட்டும் வேகம். என்னைப் பாரு. மெதுவா வெளிய ஊது. இன்னும் மெதுவா." அவரும் என்னோடு சேர்ந்து ஊதினார். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. அப்புறம் கேட்டார், "வண்டியில வந்தப்பவும் இதே மாதிரிதான் இருந்துச்சா?"

"ஆமாங்க. இதேதானுங்க."

"இதுக்கு முன்னாடி?"

"நெறைய வாட்டி வந்திருக்குதுங்க. கேஸுன்னு சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. "இதுக்குப் பேர் பேனிக் அட்டாக்" என்றார்.

புலி துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ அதைப் புலி இல்லாமலே செய்வதுதான் இது என்று விளக்கினார். ஓடுவதற்காக இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு வேகமாகும். மூச்சை அதிகமாக இழுத்து விடுவதால்தான் விரல் மரத்துப்போய் வளைகிறது. செத்துப்போவோம் என்று தோன்றும், ஆனால் இதனால் சாவதில்லை. இதயத்தில் கோளாறு இல்லை, மனதில் தோன்றும் அச்சம் உடம்பில் இப்படி வருகிறது. கற்பனையும் இல்லை, நடிப்பும் இல்லை. வைத்தியம் இருக்கிறது. அடுத்த நாள், தூக்க ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐயும் நார்மல். அந்த நார்மலுக்கு மட்டும் நான் பயப்படவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றதும் அப்பா மறுத்தார். "எலும்புதானுங்க ஒடஞ்சிருக்குது. அந்த டாக்டரெல்லாம் எதுக்குங்க?" டூட்டி டாக்டர் வாதாடவில்லை. "அடுத்த தடவை வண்டியில வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் மனநல டாக்டர் வந்தபோது அப்பாவே போய் வாசலில் நின்று அறைக்குக் கூட்டிவந்தார்.

டாக்டர் அப்பா, அம்மா இரண்டு பேரையும் வெளியே இருக்கச் சொன்னார். நிறையக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, படிப்பு. பிறகு அதே குரலில், "சாகணும்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்றார்.

"சாகப் போறேன்னு பயமா இருந்துச்சுங்க. சாகோணும்னு நெனைக்கல."

"இதை அப்படியே உங்க அம்மாகிட்ட நான் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்கவில்லை. மறுநாள் கத்தி மேசைக்குத் திரும்பியிருந்தது. அம்மா மாதுளம்பழம் அறுத்துக் கிண்ணத்தில் உதிர்த்துக் கொடுத்தாள்.

வண்டி ஓட்டும்போது அது வந்தால் என்ன செய்வேன் என்றும் அவர் கேட்டார். வேகமாக ஓட்டி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். "உன் உடம்பு ஓடு ஓடுன்னு சொல்லுது. ரோட்டுல நடக்கறவனா இருந்தா காலால ஓடுவான். உன் கையில ஆக்சிலேட்டர் இருந்துச்சு" என்றார். இதைத்தான் என் வயதுக்காரர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தப்பிப்பதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் ரோஸ்லினக்காவின் தோளை உடைத்தது. நிறுத்தியிருக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, சாவியை எடுத்துவிட்டு, அது வந்து போகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தானாகவே போய்விடும். யாரும் அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஹெல்மெட் போடச் சொன்னார்கள், போட்டிருந்தேன். அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கும் ஊசி போட்டு நடந்தது. கால் மரப்பதே அட்டாக்கைக் கிளப்பிவிடுமோ என்று பயந்தேன். முன்கூட்டியே சொல்லிவைத்தேன். மயக்க மருந்து டாக்டர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "இப்ப ட்ரில் சத்தம் வரும், இப்ப சுத்தியல் சத்தம் வரும்" என்று ஒவ்வொன்றையும் வருவதற்கு முன்னால் சொன்னார். வந்தது. தச்சு வேலை நடக்கும் வீட்டில் படுத்திருப்பது போல இருந்தது. நெஞ்சு ஒருமுறை வேகம் பிடித்தது, ஊதினேன், அடங்கியது. அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வாக்கர் பிடித்து நடந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலித்தது, பழகியது. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையால் ஆரம்பத்தில் தூக்கமாக வந்தது, பிறகு சரியாயிற்று. மாதாமாதம் கோயம்புத்தூர் போய்ப் பேசினேன். சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே அட்டாக் வரும். எழுந்து ஓடாமல் அங்கேயே இருக்கப் பழகினேன். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டிவியைப் பார்ப்பார். முடிந்ததும், "போயிருச்சா?" என்பார். "போயிருச்சுங்கப்பா" என்பேன். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, வீடு கட்டாத சைட் ரோடுகளில் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் வேலை. வண்டியில்தான் போகிறேன். எப்போதாவது வரும். நிறுத்திவிடுவேன்.

ரோஸ்லினக்காவை வீட்டில் போய்ப் பார்த்தோம். கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடு. கையை உயர்த்த முடியாமல் அவர் பல மாதம் மெஷினில் உட்காரவில்லை. அப்பா செய்ய வேண்டியதைச் செய்தார். ரோஸ்லினக்கா வாங்கிக்கொண்டார், ஆனால் எங்களை உட்காரச் சொன்னது மூன்றாவது தடவை போனபோதுதான். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

போன வருடம் அவரே போன் செய்தார். சுற்றிவளைக்கவில்லை.

"கீர்த்தனா, ஒனக்குப் பாத்த அந்த டாக்டரு இன்னும் இருக்காரா?"

"இருக்காருங்க்கா. ஆருக்கு?"

"எம்மவ ஏஞ்சலுக்கு. பிளஸ் டூ படிக்கா. லைசென்ஸ் கெடையாது, சொன்னாக் கேக்காம அவ அப்பா வண்டிய எடுத்துட்டு டியூஷனுக்குப் போவா. இப்ப ஒரு மாசமா வீட்டுக்கு வந்து கை நடுங்க ஒக்காந்திருக்கா. நெஞ்சு வலிக்கிங்கா. ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்ணுமில்லங்காவ. நேத்து வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நிமுந்து பாத்தா. ஒன் மொகம் மாரியே இருந்துச்சு."

"வண்டிச் சாவிய எடுத்து வெச்சிருங்க அக்கா. நான் கூட வர்றேன்."

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். ஏஞ்சல் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி முழுக்க என் காலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் காத்திருப்பு அறையில் எனக்குப் பழகிய நாற்காலிகள் காலியாக இல்லை. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ரோஸ்லினக்கா இரண்டு தடவை எழுந்து போய், இன்னும் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு வந்தார். ஏஞ்சல் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"மரக்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரோஸ்லினக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஏஞ்சல் எழவில்லை.

"நீ இரும்மா" என்றாள். "அக்கா வரட்டும்."

ரோஸ்லினக்கா என்னைப் பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கதவைக் கையால் காட்டினார். "போயிட்டு வாங்க" என்றார்.